நகல் இருந்தால் போதுமா?

பேரேட்டைக் கரையான் அரிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றிருந்த காலம் போய்விட்டது. இன்று கணக்கெல்லாம் கம்ப்யூட்டரில். "தினமும் பேக்கப் எடுக்கிறோம்" என்று நம்மில் பலர் நிம்மதியாக இருக்கிறோம். நானும் இருந்தேன்.

சென்ற ஆண்டு என் கடைக் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் பழுதானது. பேக்கப் டிஸ்க்கைத் திறந்தால், கடைசி நகல் நான்கு மாதத்துக்கு முந்தியது! டிஸ்க் நிரம்பிவிட்டதாம். அன்று முதல் இரவுதோறும் திரையில் எச்சரிக்கை வந்திருக்கிறது. கணக்குப்பிள்ளை அதை மூடிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கிட்டங்கியில் துவரம்பருப்பு எத்தனை மூட்டை என்று தினமும் கேட்கும் நான், டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

பதிவு பெற்ற கடைகளுக்குப் போட்ட பில்கள் ஜி.எஸ்.டி. தளத்தில் கிடைத்தன. ஆனால் யார் எவ்வளவு பாக்கி என்பது அங்கே ஏது? கடைக்காரர்கள் சொன்னதை ஏற்றுக்கொண்டேன். பெரும்பாலோர் நேர்மையாகவே சொன்னார்கள்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2017 ஜனவரியில் கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் தகவல்கள் தவறுதலாக அழிந்தன. பலவிதமாக நகலெடுக்க ஏற்பாடு இருந்தும் கைகொடுக்கவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஊழியர் எடுத்து வைத்த நகல்தான் காப்பாற்றியது.

இப்போது சனிக்கிழமைதோறும் நகலை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, ஏதாவது ஒரு கடையின் பாக்கியைச் சரிபார்க்கிறேன். இன்னொரு டிஸ்க் வீட்டில். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ், செருகியிருக்கும் டிஸ்க்கையும் பூட்டிவிடுமே! ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்கச் சொல்கிறது ஜி.எஸ்.டி. சட்டம். நமது சங்கம் இதற்கு ஒரு நாள் பயிற்சி வைத்தால், கணக்குப்பிள்ளையோடு முதலாளிகளும் வந்து உட்கார வேண்டும்.