விபத்து என்று ஒரு தலைப்பே கணக்கில் இல்லை

ஒரு நூற்பாலையின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பஞ்சு கொள்முதலுக்கு ஒரு தலைப்பு இருக்கும். கரண்ட் பில்லுக்கு, லாரி வாடகைக்கு, ஹாஸ்டல் அரிசிக்கு, டீச்செலவுக்கு, ஆயுத பூஜைக்கு வாங்கிய பொரிகடலைக்குக்கூட ஒரு தலைப்பு இருக்கும். விபத்துக்கு இருக்காது. திண்டுக்கல் பக்கம் தாடிக்கொம்பு வட்டாரத்தில் நெடுநாளாக மில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். பஞ்சைச் சீவுகிற கார்டிங் பிரிவில் ஒரு பையனுக்கு விரல் போனதே, அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டால் நாலு இடத்தைக் காட்டுவேன். ஆஸ்பத்திரிக்குக் கட்டியது தொழிலாளர் நலச் செலவில் போயிற்று. மெஷின் நின்றது உற்பத்திக் குறைவில் போயிற்று. அவன் இடத்தில் இன்னொருவனை டபுள் ஷிப்ட் பார்க்க வைத்தது ஓ.டி.யில் ஏறியது. புது ஆளைக் கொண்டுவந்த புரோக்கருக்குக் கொடுத்தது இதர செலவு. இந்த நாலையும் கூட்டி, இது அந்த விரலால் வந்த நஷ்டம் என்று ஓரிடத்தில் எழுது என்று எந்த முதலாளியும் எனக்குச் சொன்னதில்லை. அதனால்தான், “சேஃப்டிக்கெல்லாம் செலவு பண்ணிக்கிட்டிருந்தா கட்டுப்படியாகாதுப்பா” என்று அவர்களால் மனசாரச் சொல்ல முடிகிறது. செலவு ஏற்கெனவே ஆகிக்கொண்டுதான் இருக்கிறது. கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

விரலுக்கு விலை போட்டுக் காட்டினால்தான் விஷயம் புரியும் என்ற நிலைமைக்கு வந்துவிட்டோமே என்பதே எனக்குப் பெரிய வருத்தம். ஆனாலும் கணக்கு எழுதுகிறவனுக்குத் தெரிந்த பாஷையில்தானே நான் பேச முடியும்.

அந்த விரல் எப்படிப் போனது என்று சொல்கிறேன். எந்த மில் என்பது வேண்டாம். கார்டிங் மெஷினுக்குள்ளே ஒரு பெரிய சிலிண்டர் இருக்கிறது, உடம்பெல்லாம் பொடிப்பொடியாகக் கம்பிப் பல். சுவிட்சை அணைத்தாலும் அதன் கனத்துக்கு உடனே நிற்காது. சில நிமிஷம் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் கதவு திறந்திருந்தால் மெஷின் ஓடாதபடிக்கு லிமிட் சுவிட்ச் வைக்கிறார்கள், சிலிண்டர் நிற்கும்வரை கதவு திறக்காதபடிக்குப் பூட்டும் வைக்கிறார்கள். அந்தச் சுவிட்ச் பழுதாகிவிட்டால் மெஷின் காரணமில்லாமல் நின்று நின்று போகும். அங்கே அப்படித்தான் ஆயிற்று. ஃபிட்டர் புதுச் சுவிட்ச் கேட்டு இன்டென்ட் எழுதிக் கொடுத்தார். சில நூறு ரூபாய்ச் சாமான். இன்டென்ட் மேஜையில் கிடந்தது. அதற்குள் உற்பத்தி குறைகிறது என்று சத்தம் வர, அவர் ஒரு துண்டு ஒயரைப் போட்டு சுவிட்சை நேராக இணைத்துவிட்டார். அப்புறம் மெஷின் நிற்கவே இல்லை. சூப்பர்வைசருக்குச் சந்தோஷம். இன்டென்டை எல்லோரும் மறந்து போனார்கள். ஒரு நாள் ஷிப்ட் முடியும் நேரத்தில், கழிவுப் பஞ்சை இழுத்துப் போடக் கதவைத் திறந்த ஒடிசாப் பையன் சிலிண்டர் நின்றுவிட்டது என்றுதான் நினைத்திருக்கிறான். அந்த இரைச்சலில் எது ஓடுகிறது, எது நின்றது என்று காதுக்குத் தெரியாது.

விசாரணை என்று நாலு பேர் கூடினார்கள். முதல் கேள்வியே, “அவன் ஏன் உள்ள கைய விட்டான்?” கடைசிக் கேள்வியும் அதுதான். ஒயர் எத்தனை நாளாக இருந்தது, இன்டென்டில் ஏன் கையெழுத்து விழவில்லை, கதவு எப்படித் திறந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பையனின் அஜாக்கிரதை என்று முடித்துவிட்டால் அடுத்த வேலையைப் பார்க்கலாம் அல்லவா? ஓடுகிற இயந்திரத்துக்கு மறைப்பு போட வேண்டியது முதலாளியின் பொறுப்பு என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டமே 21-ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. எத்தனை தலைமுறைக்கு முந்தின சட்டம்! ஆயுத பூஜையன்று அதே மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போடுகிறோம். ஒயரை எடுத்துவிட்டுப் புதுச் சுவிட்ச் மாட்டச் சொல்லி அன்றைக்காவது ஒருவர் கேட்கக் கூடாதா?

விரலாவது கண்ணுக்குத் தெரிகிறது. பஞ்சுத் தூசு தெரிவதில்லை. பஞ்சைப் பிரிக்கிற புளோ ரூமிலும் கார்டிங்கிலும் காற்றே வெள்ளையாக இருக்கும். வார லீவு முடிந்து வேலைக்கு வருகிற அன்று நெஞ்சை அடைக்கும், இருமல் வரும், அடுத்த நாள் கொஞ்சம் சரியாகும். வருஷக்கணக்கில் இப்படியே போனால் அப்புறம் சரியாவதே இல்லை. பிஸினோசிஸ் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்களின் பட்டியலில் இதுவும் இருந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் சில வருஷம் மில்லுக்குப் போன எத்தனையோ பெண்களுக்கு இன்றைக்கும் மழைக்காலம் வந்தால் மூச்சு வாங்குகிறது. ‘வீசிங்’ என்று மாத்திரை வாங்கிக்கொள்கிறார்கள். மில்லையும் மூச்சையும் சேர்த்துப் பார்த்துச் சொல்ல யாரும் இல்லை. மாஸ்க் என்று ஒன்று கொடுப்பார்கள், ஈரமும் சூடும் உள்ள அந்த ரூமில் பத்து நிமிஷம் போட முடியாது. துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு நிற்பார்கள். தூசை அது பிறக்கிற இடத்திலேயே உறிஞ்சி எடுக்க வேண்டும். அதற்கு மெஷின் உண்டு, அதைச் சுத்தமாக வைத்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் முதலில் குறைப்பார்கள்.

கண்ணில் படாத கேடு தூசு மட்டுமல்ல. 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை ஒரு விசாரணை வெளியிட்டது. தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் மாதவிலக்கு வலி என்று சொன்ன பெண்களுக்கு, டாக்டர் சீட்டு இல்லாமல், பெயர்கூட எழுதாத மாத்திரைகளைச் சூப்பர்வைசர்கள் கொடுத்து வேலை வாங்கியதை அது வெளிக்கொண்டு வந்தது. ஒரு பெண் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் லைன் நின்றுவிடும் என்று பயந்து செய்த காரியம். அந்தப் பெண் பிறகு வேலையை விட்டே போய்விட்டால் லைன் எத்தனை நாள் நிற்கும் என்று யோசித்தார்களா?

இதையெல்லாம் செய்துவிட்டு, “ஆள் கிடைக்கலைங்க” என்று புலம்புகிறார்கள் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை. மில்காரர்கள் எங்கே கூடினாலும் இதே பேச்சு. நூறு நாள் வேலை கெடுத்துவிட்டது, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளையவில்லை என்று ஆளாளுக்கு ஒரு காரணம். எங்கள் தெருவில் ஒரு அக்கா மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். மில் வேன் வாசலிலேயே வந்து நிற்கும், போகலாமே என்று யாரோ சொன்னதற்கு அந்த அக்கா பட்டென்று சொன்னார்: “நான் தின்ன பஞ்சு போதும். எம்புள்ள ஜவுளிக்கடையில நின்னாலும் நிக்கட்டும்.” அம்மா பட்டதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் எப்படி வருவார்கள்? அதனால் புரோக்கருக்குக் கமிஷன், ஒடிசாவுக்கும் பீகாருக்கும் ஆள் அனுப்பி அழைத்து வருகிற செலவு, ஹாஸ்டல் கட்டுகிற செலவு, தொழில் பழகும் முன்பே ஊருக்குப் போய்விடுகிறவர்களால் வருகிற வேஸ்ட். இவ்வளவு கொடுக்கிறவர்களுக்கு, இருந்த ஆளை இருக்க வைத்துக்கொள்ளக் கொடுத்திருந்தால் குறைவாகவே ஆகியிருக்கும் என்று நான் எழுதிக் காட்டத் தயார்.

பெண்கள் பயமில்லாமல் வேலை பார்க்க என்ன செய்யலாம் என்பதற்கு நம் மாவட்டத்தின் பெயரிலேயே உலகம் தெரிந்த ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. 2021 ஜனவரியில், வேடசந்தூர் பக்கம் நாச்சி அப்பேரல் என்ற ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம்பெண் ஒருவர் கொலையானார். அந்தக் கொலைக்காகக் கைதானவர் அதே ஆலையின் சூப்பர்வைசர். அதன் பிறகுதான் அங்கே பெண்கள் பட்ட தொல்லைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பெண்களே தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடவில்லை. 2022 ஏப்ரலில் அந்த ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும் தொழிற்சங்கமும் ஒப்பந்தம் போட்டன. அங்கே துணி வாங்கிய எச் அண்ட் எம் கையெழுத்திட்டது, பிறகு கேப், பி.வி.எச். நிறுவனங்களும் கையெழுத்திட்டன. ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்றுதான் அதற்குப் பெயர். வேலை செய்யும் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைப் பயிற்சி கொடுத்து நிறுத்துவது, புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பது, ஆலை மீறினால் வாங்குகிற கம்பெனி வியாபாரத்தைக் குறைக்கலாம் என்பது எல்லாம் அதில் வருகிறது.

அந்த வருஷம் ஜூலை கடைசியில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பு நடந்திருப்பதாகத் தெரிகிறது என்று சொல்லி, அந்த ஆலையின் சரக்கைத் துறைமுகத்திலேயே நிறுத்த உத்தரவு போட்டது. நிலைமை மாறியதற்கு ஆதாரம் காட்டிய பிறகு செப்டம்பரில்தான் நீக்கியது. வாரக்கணக்கில் சரக்கு உள்ளே போக முடியாது என்றால் ஏற்றுமதி வியாபாரத்தில் என்ன அர்த்தம் என்று எந்த மில் முதலாளிக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு பெண் பயமில்லாமல் வேலை பார்த்துவிட்டு வீடு திரும்புவது ‘லேபர் பிரச்சினை’, ஹெச்.ஆர். பார்த்துக்கொள்வார் என்று ஒதுக்கி வைத்தார்கள். அது கடைசியில் ஆர்டரில் போய் நின்றது. உயிர் போய்த்தான் இதெல்லாம் வர வேண்டுமா?

வங்கதேசத்திலும் இப்படித்தான். 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா இடிந்து விழுந்ததில் 1,134 பேர் செத்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. அதே கட்டடத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டது. மேல் மாடித் தையல் ஆலைகள் மறுநாள் காலையில் ஆட்களை உள்ளே அனுப்பின, ஆர்டர் தேதி நெருங்குகிறது என்று. அதற்குப் பிறகு அங்கே உருவான தீ, கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம்தான் திண்டுக்கல் ஒப்பந்தம் போன்றவற்றுக்கு வழி காட்டியது.

மார்ச் 4 வந்தால் தேசிய பாதுகாப்பு தினம். பேட்ஜ் குத்துவார்கள், உறுதிமொழி எடுப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். ஒரு மில்லில் சுவர் முழுக்க எச்சரிக்கைப் பலகைகள் பார்த்தேன், நல்ல தமிழில். அந்த ஷிப்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் சூப்பர்வைசரும் வாட்ச்மேனும்தான். ஒடியாவிலும் இந்தியிலும் எழுதி ஒட்ட எவ்வளவு ஆகிவிடும்? திண்டுக்கல் டவுனில் பிரிண்டிங் பிரஸ்ஸுக்கா பஞ்சம்? 2024 டிசம்பரில் இதே திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தீப்பிடித்து ஆறு பேர் இறந்தார்கள், லிஃப்டில் சிக்கியவர்களும் அதில் உண்டு. தீப்பிடித்தால் லிஃப்டில் ஏறாதே, எந்தப் படிக்கட்டு எங்கே போகும் என்பதை ஆளுக்குப் புரிகிற பாஷையில் சொல்லிக் கொடுப்பதுதான் பாதுகாப்பு. பஞ்சு குடோனில் ஒரு பொறி விழுந்தால் யோசிக்க நேரமே இருக்காது.

இனி இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு. இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம், மாதாமாதம் கட்டுகிறோம். வேலையில் அடிபட்டு வீட்டில் கிடந்தால் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். விரல் போனது மாதிரி நிரந்தர ஊனம் என்றால், எவ்வளவு சம்பாதிக்கும் திறன் போயிற்றோ அந்த அளவுக்கு ஆயுள் முழுக்கப் பணம் வரும். இறந்துபோனால் குடும்பத்துக்கு வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அடிபட்டாலும் இது உண்டு. ஆனால் விபத்து அறிக்கை, அதாவது ஃபார்ம் 12, போக வேண்டும். போனால் இன்ஸ்பெக்டர் வருவார் என்று பயந்து, அடிபட்டவனைத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், பைக்கில் விழுந்தான் என்று எழுத வைத்து, கையில் கொஞ்சம் பணத்தைத் திணித்து ரயில் ஏற்றிவிடுகிறார்கள். மாதாமாதம் இன்சூரன்ஸும் கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கைக்காசும் கட்டுகிற இந்த முட்டாள்தனத்துக்குப் பெயர் சிக்கனமா? அதோடு, விபத்தே நடக்கவில்லை என்று எழுதிய மில்லில் ஒயர் போட்ட சுவிட்ச் அப்படியே இருக்கும், அடுத்த கை அதில் போகும்.

அதனால் மில்லுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இ.எஸ்.ஐ. நம்பரை வீட்டில் எழுதி வையுங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். யாருக்காவது அடிபட்டால், அவன் உள்ளூரோ ஒடிசாவோ, கூட வேலை பார்க்கிறவர்கள் ஆபீஸுக்குப் போய் ஃபார்ம் 12 போட்டாகிவிட்டதா என்று கேளுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் எந்த இடத்தில், எந்த மெஷினில் அடிபட்டது என்று உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். முதலாளி முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். நாளைக்கு அவர் பக்கத்து நியாயத்துக்கும் அந்தச் சீட்டுதான் சாட்சி என்று சொல்லுங்கள். கணக்கு எழுதுகிற எங்களிடம் கேட்டாலும் போதும், எடுத்துக் காட்டுகிறோம்.