திருகுப் பல் கட்டும் முன்



'பல்லு போனா சொல்லு போச்சு' என்பது பழைய பேச்சு. இப்போது தாடை எலும்பில் டைட்டேனியத் திருகை இறக்கி, அதன்மேல் பல் வைத்துவிடுகிறார்கள். இம்பிளாண்ட் என்று பெயர். 1965-இல் சுவீடனில் பேராசிரியர் பிரோனமார்க் முதல் நோயாளிக்கு வைத்தார். நல்ல சிகிச்சைதான். ஆனால் நம்மவர்கள் சிலர் தங்காக் ஜவுளிக்கடையில் விலை பேசித் துணி எடுப்பதுபோல இதைப் பேசுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

வைக்கிற டாக்டர்களே சொல்லும் சங்கதி கேளுங்கள். பெரிய தொல்லை பல வருஷம் கழித்தும் வரலாம். சொந்தப் பல்லை எலும்போடு ஒரு நார்ப்படலம் பிடித்திருக்கும். திருகுக்கு அது கிடையாது. அழுக்கு சேர்ந்து ஈறு வீங்கினால், கிருமி சீக்கிரமே எலும்பை அரிக்கத் தொடங்கும். பெரும்பாலும் வலி தெரியாது. துலக்கும்போது கொஞ்சம் ரத்தம் கசியும். 'சரியாப் போயிடும்'னு நாம விட்டுடுவோம். திருகு ஆடும்போது பார்த்தால், கழற்றுவதைத் தவிர வழியிருக்காது. கீழ்த்தாடையில் துளை ஆழமாகி நரம்பில் பட்டால் உதடு மரத்துப்போகும். சிலருக்கு அது திரும்புவதே இல்லை. மேல்தாடையில் திருகு சைனஸ் அறைக்குள் நழுவியதும் உண்டு.

சிகரெட் பிடிப்பவருக்கும், இனிப்புநீர் கட்டுப்படாதவருக்கும் திருகு எலும்போடு ஒட்டாமல் போகும் ஆபத்து கூடுதல். 2023 சுகாதார ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இனிப்புநீர். அப்படிப்பட்டவர் முதலில் ரத்தத்தில் சர்க்கரையை இறக்கட்டும். பல் காத்திருக்கும்.

மலிவு என்று யாரிடமும் வாயைத் திறக்காதீர்கள். பக்கத்து மலாக்காவிலேயே 2017-இல், பதிவில்லாமல் பல் கம்பி கட்டிய 20 வயதுப் பெண்ணுக்கு 70,000 வெள்ளி அபராதம் விதித்தார்கள். கம்பிக்கே அப்படியென்றால், எலும்பைத் துளைக்கிற வேலைக்கு? டாக்டரின் பெயர் மலேசியப் பல் மருத்துவ மன்றப் பதிவில் இருக்கிறதா என்று பிள்ளைகளைக் கைப்பேசியில் பார்க்கச் சொல்லுங்கள்.

வட்டிக்கு வாங்கித் திருகு வைக்க வேண்டாம் என்பது என் கட்சி. கழற்றி மாட்டும் பல்செட் ஒன்றும் அவமானமில்லை. அரசாங்கப் பல் கிளினிக்கில் முதலில் அதைக் கேளுங்கள். வைப்பதென்றே முடிவானால், வருஷா வருஷம் சுத்தம் செய்யும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். திருகின் கம்பெனி, அளவு இரண்டையும் எழுதி வாங்கி ஐ.சி.யோடு வையுங்கள். மேல்பல் தளர்ந்து வேறு டாக்டரிடம் போகும்போது, எந்தச் சாவி பொருந்தும் என்று அவர் தேடி அலைய வேண்டியிருக்காது.