இன்ஸ்டால் ஆயிருச்சு, எங்கே இருக்கு?

2012ல் ஆலங்குளத்தில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். (அப்போது அது திருநெல்வேலி மாவட்டம். தென்காசி மாவட்டம் பிறந்தது 2019 நவம்பரில்.) பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் டூ. தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் அவளுக்கும் ஒன்று கிடைத்திருந்தது. திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்த அம்மா, 'அண்ணாச்சி, இவ மூணு நாளா அந்தப் பெட்டியோட மல்லுக்கட்டுதா. என்னன்னு கொஞ்சம் பாருங்க' என்றார்.

விஷயம் எளிது. தமிழில் டைப் அடிக்க ஒரு மென்பொருள். யாரோ பென் டிரைவில் கொடுத்தது. நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ் எல்லாம் ஒழுங்காகத்தான் அழுத்தியிருக்கிறாள். அப்புறம் அதைக் காணோம். மூன்று தடவை இன்ஸ்டால் செய்துவிட்டாள்.

ஸ்டார்ட் மெனுவில் 'ஆல் புரோகிராம்ஸ்' திறந்தேன். ஒரு ஃபோல்டர் மட்டும் மஞ்சளாக இருந்தது.

'இதைப் பார்க்கலையாம்மா?'

'பாத்தேன் சார். மஞ்ச அடிச்சிருந்துச்சா... மொதல்ல வைரஸ்னு தொடலை. ரெண்டாந்தடவ தொறந்து பாத்தேன்.'

ஃபோல்டரின் பெயர் மென்பொருளின் பெயர் அல்ல, அதை எழுதியவர்களின் கம்பெனிப் பெயர். உள்ளே மூன்று ஐட்டங்கள். நாலு இங்கிலீஷ் எழுத்தும் ஒரு நம்பருமாக ஒன்று, 'ரீட் மீ' ஒன்று, 'அன்இன்ஸ்டால்' ஒன்று. மூன்றில் தெரிந்த வார்த்தை இருந்தது கடைசியில்தான். அதை அமுக்கிவிட்டாள். மென்பொருள் போயே போச்சு.

'எனக்குத்தான் சார் வெளங்கலை' என்றாள். அதுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. தப்பு அவள்மேல் இல்லை. ஆனால், பழியை ஏற்றுக்கொண்டவள் அவள்.

நம் ஊரில் கல்யாணமாகிப் புதுப்பெண் வந்தால் என்ன செய்வோம்? ஆரத்தி எடுத்து, கூடத்தில் உட்கார்த்தி, வந்தவர்களுக்கெல்லாம் 'இதான் எங்க மருமக' என்று காட்டுவோம். முப்பது சொந்தக்காரர்களுக்கு நடுவே, அகர வரிசைப்படி, அதுவும் சம்பந்தி வீட்டு இனிஷியலுக்குக் கீழே ஒளித்து வைப்பதில்லை. பக்கத்திலேயே விவாகரத்துப் பத்திரத்தையும் வைப்பதில்லை. ('அன்இன்ஸ்டாலை மெனுவில் வைக்காதீர்கள்' என்று மைக்ரோசாஃப்டே தன் வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. கேட்டவர்கள் குறைவு.)

மெனுவின் வரலாற்றைப் பாருங்கள். 1995 ஆகஸ்டில் ஸ்டார்ட் பட்டன் வந்தது. 2001ல் எக்ஸ்.பி., புது வரவுக்கு நிறம் பூசியது. ஏன் நிறம் என்று அந்த இடத்தில் எழுதவில்லை. 2012ல் விண்டோஸ் 8 மெனுவையே தூக்கிக் கடாசியது. 2013ல் 8.1, புதிதாக இன்ஸ்டால் செய்ததை ஸ்டார்ட் திரையில் தானாக வைப்பதை நிறுத்தி, இன்னொரு திரைக்கு அனுப்பியது. 2015ல் விண்டோஸ் 10, 'சமீபத்தில் சேர்ந்தவை' என்று தனியாகக் காட்டியது. உருப்படியான காரியம். ஆறே வருஷத்தில் விண்டோஸ் 11 அந்த முழுப் பட்டியலையும் இன்னொரு கிளிக்குக்குப் பின்னால் தள்ளியது. லினக்ஸ் உலகிலும் இதே கூத்துதான். ஆனால் 2025 ஜூனில் வந்த கேடிஇ பிளாஸ்மா 6.4, புது மென்பொருள் பக்கத்தில் பச்சையாக 'புதுசு!' என்று எழுதியது. வெறும் நிறம் இல்லை, வார்த்தை. இவ்வளவுதான் சார் கேட்டது.

'சர்ச்சில் டைப் அடித்தால் வருமே' என்பார்கள் விற்பன்னர்கள். வரும். பெயர் தெரிந்தால், அதன் இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கும் தெரிந்தால். தேடுகிறவளுக்குத் தெரியாதது அந்தப் பெயர்தான். அவளுக்குத் தெரிந்தது தன் வேலை: 'தமிழ் டைப்.' லினக்ஸ் மெனுவின் ஒவ்வொரு ஐகானுக்கும் பின்னால் இருக்கும் சின்னக் கோப்பில் பெயரை எந்த மொழியிலும் எழுத இடம் இருக்கிறது. என்ன வேலை செய்யும் என்று எழுதவும், தேடுசொற்கள் போடவும் வரிகள் இருக்கின்றன. இடம் இருக்கிறது, நிரப்பத்தான் ஆளில்லை.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு மூன்று விண்ணப்பம். ஒன்று, ஃபினிஷ் சொல்லும்போதே எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று காட்டுங்கள். இரண்டு, ஒரு தடவை திறக்கும்வரை 'புதுசு' என்று அவரவர் மொழியில் எழுதி வையுங்கள். மூன்று, கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு வேலையின் பெயரை வையுங்கள்.

தூரம் என்று சாக்குச் சொல்ல முடியாது. இதே தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் உட்கார்ந்து ஜோஹோக்காரர்கள் உலகத்துக்கே மென்பொருள் எழுதுகிறார்கள். சென்னையோ சியாட்டிலோ, எழுதுகிறவர் யாராக இருந்தாலும் வெளியிடுவதற்கு முன்னால் ஒரு பஸ் பிடித்து ஆலங்குளம் மாதிரி ஓர் ஊருக்கு வந்து, ஒரு பிளஸ் டூ பெண்ணிடம் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

அன்றைக்கு நாலாவது தடவை இன்ஸ்டால் செய்து, ஐகானை டெஸ்க்டாப்புக்கு இழுத்து வைத்தேன். பெயரை 'தமிழ் டைப்' என்று மாற்றியவள் அவள்தான். முதலில் அடித்தது அம்மாவின் பெயர். பீடித் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு அந்த அம்மாள் எழுந்து வந்து பார்த்தார்.