பழைய பேப்பர் வேனில் போன பாட்டுகள்

ஈப்போவுக்குப் பக்கத்திலுள்ள தஞ்சோங் ரம்புத்தானில் போன மாதம் ஒரு வீட்டில் கருமக்கிரியை முடிந்த மறுநாளே அறையைக் காலி செய்தார்கள். இறந்தவர் இளமையில் ரப்பர் தோட்டத்தில் மரம் சீவியவர். சனி, ஞாயிறுகளில் கல்யாண வீடுகளில் கித்தார் வாசித்தவர். அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து நான்கு அட்டைப்பெட்டி நிறைய இசைத்தட்டுகள் வெளியே வந்தன. அந்த நேரம் பார்த்து, ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு பழைய பேப்பர் வேன் தெருவுக்குள் நுழைந்தது. மகன் கைகாட்டி நிறுத்தினார். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் பதறிக்கொண்டு வந்து, "தம்பி, அப்பா சோத்துக்குப் பார்க்காம வாங்கிச் சேர்த்தது" என்றார். மகன் அமைதியாகத்தான் பதில் சொன்னார்: "அதான் எல்லாம் யூடியூப்ல இருக்கே சார்."

மூன்று பெட்டிகள் எடைக்குப் போயின. நான்காவதை ஆசிரியர் பத்து வெள்ளி கொடுத்துத் தடுத்து வைத்தார்.

அந்த மகன் கெட்டவர் இல்லை. அவர் சொன்ன வாக்கியம்தான் கெட்டது. ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் வரை, கிள்ளானிலிருந்து சென்னை வரை, படித்தவரும் படிக்காதவரும் ஒரே குரலில் சொல்லும் வாக்கியம் அது. எல்லாம் இணையத்தில் இருக்கிறதாம். தட்டு எதற்கு, மறுவெளியீடு எதற்கு, காசு கொடுத்து யார் வாங்குவார்கள் என்று கேட்கிறார்கள். இவ்வளவு உறுதியாக நம்பப்படும் பொய் வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

தப்பிய பெட்டியில் மேலாக இருந்தது சந்தானா குழுவின் அப்ராக்ஸாஸ், 1970ஆம் ஆண்டு வெளிவந்தது. உறையின் ஓரம் கறையான் தின்றிருந்தது. தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரு பாட்டின் மேல் மட்டும் கோடுகள் நரைத்திருக்கின்றன. ஊசியைத் திரும்பத் திரும்ப அதே இடத்தில் இறக்கிப் பழகியிருக்கிறார். பிளாக் மேஜிக் வுமன், அதோடு ஒட்டிய ஜிப்ஸி குவீன். நடுவிலுள்ள வட்டச் சீட்டில் பாட்டின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இரண்டு பெயர்கள்: பீட்டர் கிரீன், காபோர் ஸாபோ. இரண்டாவது பெயருக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு.

தோட்டத்து லயத்தில் உட்கார்ந்து கித்தார் பழகிய ஒரு தமிழர், ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால், ஹங்கேரிக்காரர் ஒருவரின் பெயரைத் தெரிந்துகொண்டு கோடு போட்டிருக்கிறார். கையில் உலகமே இருப்பதாகச் சொல்லும் தலைமுறையில் அந்தப் பெயரைச் சொல்ல எத்தனை பேர் இருக்கிறார்கள்? அந்தப் பாட்டைக் கோடிக்கணக்கானவர்கள் கேட்டிருக்கிறார்கள். பாட்டு இணையத்தில் இருக்கத்தான் செய்கிறது. இல்லாமல் போனவர் ஸாபோ.

அவர் 1936இல் புடாபெஸ்டில் பிறந்தவர். 1956இல் சோவியத் டாங்கிகள் நகருக்குள் புகுந்தபோது நாட்டைவிட்டுத் தப்பி அமெரிக்கா போனார். பாஸ்டனில் பெர்க்லி இசைப் பள்ளியில் படித்தார். டிரம்ஸ் மேதை சிக்கோ ஹாமில்டனின் குழுவில் நான்கைந்து ஆண்டுகள் வாசித்தார். 1966இல் இம்பல்ஸ் நிறுவனம் அவருடைய ஸ்பெல்பைண்டர் தட்டை வெளியிட்டது. ஜிப்ஸி குவீன் அதில்தான் இருக்கிறது. அதே ஆண்டு ஜாஸ் ராகா என்ற தட்டுக்காகச் சித்தாரையும் கையில் எடுத்தார். ரவிசங்கர் காற்று உலகெங்கும் வீசிய காலம் அது. சாதாரண மரக் கித்தாரில் ஒலிவாங்கியைப் பொருத்தி, அது கத்தும் ஓசையையும் இசையாக மாற்றி, ஒரே சுரத்தைத் தம்பூரா போல நிறுத்தி மேலே வாசிப்பார். நம் காதுக்கு அந்நியமே இல்லாத வாசிப்பு. 1971இல் பாடகர் பாபி வோமக்கோடு சேர்ந்து அவர் வெளியிட்ட பிரீஸின் என்ற மெட்டை, 1976இல் கித்தார்க் கலைஞர் ஜார்ஜ் பென்சன் வாசித்து உலகப் புகழ் பெற்றார். ஸாபோ 1982இல் பிறந்த ஊரில் 45 வயதில் இறந்தார்.

இரண்டு முறை அவர் விதைத்த இடத்தில் மற்றவர் அறுத்தார்கள். அவர் பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தவர்கள் யார்? தேடுபொறியா? இல்லை. பிடிவாதக்காரச் சின்ன நிறுவனங்கள்தான். ஜாஸ் ராகாவை சியாட்டிலின் லைட் இன் தி அட்டிக் நிறுவனம் 2010இல் மறுவெளியீடு செய்தது. அதன் பிறகுதான் ஒரு புதுத் தலைமுறை, யார் இவர் என்று கேட்டது. மறுவெளியீடு என்பது பாட்டை மட்டும் கொடுப்பதில்லை. பாட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆளையும் கொண்டுவந்து முன்னால் நிறுத்துகிறது.

தமிழ்ப் பாட்டுக்கு வருவோம். இளையராஜாவின் பாட்டு எங்கேதான் இல்லை, தொலைபேசியைத் திறந்தாலே கொட்டுகிறதே என்பார்கள். சரி, 1977 முதல் 1983 வரை அவர் செய்த மின்னிசைப் பாட்டுகளைத் தேடித் தொகுத்து, சொல்லச் சொல்ல என்ற பெயரில் 2011இல் இசைத்தட்டாக வெளியிட்டவர்கள் யார்? பிரிட்டனின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம். அயல்நாட்டுக்காரர்கள் நம் பாட்டைத் தூசு தட்டி, அட்டை போட்டு, உலகக் கடைகளில் வைத்தார்கள். நாம் அதே பாட்டுகளை வாட்சப்பில் அனுப்பிக்கொண்டு, நம்மிடம் எல்லாம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இது வெட்கப்பட வேண்டிய விஷயம்.

நம்மிடம் உண்மையில் என்ன இருக்கிறது? ஏ.எம். ராஜா பாடியதற்கு பி.பி. ஸ்ரீனிவாஸ் பெயர். 1960களின் பாட்டுக்கு மேல் யாரோ ஏற்றிய புது டிரம்ஸ். எட்டு பரிமாண ஒலி என்று தலைப்பிட்டுக் காதைச் சுற்றவிட்ட குப்பை. முன்னிசை வெட்டு, கடைசிச் சரணம் வெட்டு. மூன்று நிமிடத் தட்டுக்குள் அடங்கவேண்டும் என்று படத்தில் ஒரு மாதிரியும் தட்டில் ஒரு மாதிரியும் பாட்டு வந்த காலம் உண்டு. பழைய ரசிகருக்கு எது எதிலிருந்து வந்தது என்று தெரியும். இணையத்தில் இரண்டும் ஒன்றாகக் குழைந்து கிடக்கின்றன.

வாசித்தவர்கள் கதை இன்னும் மோசம். எம்.எஸ்.வி.க்குக் கித்தார் வாசித்த பிலிப், அக்கார்டியன் மங்களமூர்த்தி, இளையராஜாவின் கித்தார்க் கலைஞர் சதா சுதர்சனம், பேஸ் சசிதரன், டிரம்ஸ் புருஷோத்தமன். இவர்கள் வாசிப்பு எட்டாத தமிழ்ச் செவி உண்டா? அன்று தட்டின் உறையிலும் இவர்கள் பெயரைப் போடவில்லை, இன்று திரையிலும் இல்லை. ஸாபோவுக்காவது பொடி எழுத்தில் ஒரு வரி கிடைத்தது. நம் ஸாபோக்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. ஒழுங்கான மறுவெளியீடு ஒன்று வந்தால் முதலில் சேரவேண்டியது இந்தப் பெயர்கள்தான்.

இணையம் நிரந்தரம் என்பவர்கள் மைஸ்பேஸ் இணையத்தளத்தின் கதையைக் கேட்கட்டும். 2003 முதல் 2015 வரை உலகத்து இளைஞர்கள் ஏற்றிவைத்த பாட்டுகளை, சர்வர் மாற்றும்போது தொலைத்துவிட்டதாக அந்த நிறுவனமே 2019இல் ஒப்புக்கொண்டது. ஐந்து கோடிப் பாட்டுகள் என்று கணக்கிட்டார்கள். ஒரு தட்டு உடைந்தால் ஒரு தட்டுதான் போகும். பெரிய நிறுவனத்தின் கிடங்கும் காவல் இல்லை. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யுனிவர்சல் வளாகம் தீப்பிடித்தது. மூல நாடாக்கள் பெருமளவில் எரிந்ததாகவும், அவற்றில் இம்பல்ஸ் தட்டுகளின் நாடாக்களும் அடங்கும் என்றும் பதினொரு ஆண்டு கழித்து நியூயார்க் டைம்ஸ் எழுதிய பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது. நிறுவனம் அந்தக் கணக்கை மறுத்தது. ஆனால் மூல நாடா போய்விட்டால், யாரோ ஒருவர் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கும் தட்டுதான் மூலம். ஸாபோவும் இம்பல்ஸ்காரர்தான் என்பதை மறக்கவேண்டாம்.

மலேசியத் தமிழர் கதைக்கு வந்தால் வயிறு எரிகிறது. பினாங்கிலிருந்து புறப்பட்ட அல்லிகேட்ஸ் குழுவின் லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்கள் மலாய்ப் பாட்டுலகத்தையே ஆண்டார்கள். அவர்கள் தமிழர்கள் என்பதே நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. லோகநாதன் 2007இல் மறைந்தார். யோகி பியும் நட்சத்திரா குழுவும் 2006இல் வெளியிட்ட வல்லவன், தமிழ் ராப் இசையில் ஒரு திருப்புமுனை. சென்னைத் திரையுலகமே திரும்பிப் பார்த்தது. அந்தக் குறுவட்டு இன்று எத்தனை வீட்டில் இருக்கிறது? இந்தக் கிந்தா பள்ளத்தாக்கில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கோவில் திருவிழாக்களில் பாடிய இசைக்குழுக்கள் கேசட்டில் பதிந்துவைத்தவை எங்கே? தோட்டம் துண்டாடப்பட்டது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயம் இடிந்தது, கேசட்டும் அதோடு போனது. அதில் எந்தப் பாட்டு யூடியூப்பில் இருக்கிறது, யாராவது காட்டட்டும்.

இந்த ஊரின் பெயருக்கே இதே கதிதான். தஞ்சோங் ரம்புத்தான் என்றால் நாடு முழுக்கச் சிரிக்கிறார்கள், 1911இல் திறந்த மனநல மருத்துவமனை இங்கே இருப்பதால். ஒரு கேலியைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஒரு ஊரையே அதற்குள் அடைத்துவிட்டார்கள். இங்கே கித்தார் வாசித்தவர் இருந்தார், ஸாபோ பெயருக்குக் கோடு போட்டவர் இருந்தார் என்று சொன்னால் நம்புவாரில்லை. நிரூபிக்க என்ன இருக்கிறது? அந்தப் பெட்டிதான் இருக்கிறது.

யார் வாங்குவார்கள் என்ற கேள்விக்கும் பதில் உண்டு. 1964இல் வந்த கர்ணன் படத்தைப் புதுப்பித்து 2012இல் திரையிட்டபோது தமிழ்நாட்டில் அரங்குகள் நிறைந்தன. எந்தத் தொலைக்காட்சியிலும் இலவசமாகப் பார்க்கக்கூடிய படம்தான் அது. ஒழுங்காகச் செய்துகொடுத்தால் தமிழர் காசு கொடுப்பார்கள். செய்ய ஆளில்லை என்பதே உண்மை.

அப்பாவின், தாத்தாவின் பெட்டியை வேனில் ஏற்றுவதற்கு முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். ஒவ்வொரு தட்டின் நடுச் சீட்டையும் உறையின் இரு பக்கத்தையும் படம் எடுங்கள். சீட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் நடுவில் சுரண்டினாற்போல் ஒரு எண் இருக்கும், அதைக் குறித்துவையுங்கள். எந்த வார்ப்பிலிருந்து அந்தத் தட்டு வந்தது என்பதை அந்த எண் சொல்லும். துத்தநாகக் கூரைக்கு அடியில் படுக்கப் போட்டு அடுக்காதீர்கள், வெயிலில் வளைந்துவிடும். நிறுத்திவையுங்கள். வைக்க இடமில்லை என்றால் கேட்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். ஊர்ப் பள்ளியோ நூலகமோ கோவில் மண்டபமோ ஒரு அலமாரி ஒதுக்கினாலே போதும்.

ஆசிரியர் அந்த நான்காவது பெட்டியில் 61 தட்டுகளை எண்ணியிருக்கிறார். மற்ற மூன்றுக்கும் சேர்த்து வேன்காரர் கொடுத்த தொகை நான்கு வெள்ளி எண்பது காசு.