எட்டே இல்லாத ஊர்

எட்டு என்றால் நம் ஆட்களுக்கு அலர்ஜி. நண்பர் ஒருவர் புது பைக் வாங்கிவிட்டு, நம்பரைக் கூட்டினால் எட்டு வந்துவிடக் கூடாதே என்று புரோக்கரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். "சனியோட நம்பர் சார், ரிஸ்க் எடுக்க முடியாது!" ஹெல்மெட் வாங்கியாச்சா என்று கேட்டேன். "அது அப்புறம்" என்றார்.

அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நாம் பத்துப் பத்தாக எண்ணுவது கையில் பத்து விரல் இருப்பதால்தான். கட்டைவிரல்களை விட்டுவிட்டு எட்டெட்டாக எண்ணப் பழகியிருந்தால்? ஏழுக்கு அடுத்தது 10. அதாவது ஒரு எட்டு, மிச்சம் பூஜ்யம். '8' என்ற எழுத்தே கிடையாது, '9'-ம் அவுட்!

ஒரு டஜன் வாழைப்பழம் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து அடிமானத்தில் 12, கூட்டினால் 3. எட்டு அடிமானத்தில் எழுதினால் 14, கூட்டினால் 5. பழம் ஒன்றுகூடக் குறையவில்லை. குரு மட்டும் புதனாகிவிட்டார்.

நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த டி.ஆர். கப்ரேகரும் (1905-1986) இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே இருந்தவர்தான். ஆனால் ராசி பார்க்க அல்ல. கூட்டி வந்ததால் அந்த எண்ணையே வகுத்துப் பார்ப்பார். 12-ஐக் கூட்டினால் 3, மூன்றால் 12 மீதியில்லாமல் வகுபடுகிறது. இந்த ஜாதி எண்களுக்கு 'ஹர்ஷத்' என்று பெயர் வைத்தார். சம்ஸ்கிருதத்தில் சந்தோஷம் தருவது என்று அர்த்தம். (1992-ல் பங்கு மார்க்கெட்டில் அடிபட்ட ஹர்ஷத் வேறு.)

இதெல்லாம் பெரிய கணிதக்காரர்களுக்கு இளப்பம். 8712, 9801 இரண்டும் தங்களையே திருப்பிப்போட்ட எண்ணின் மடங்குகள் (4×2178, 9×1089). இது புதிர்ப் பக்கத்துக்குத்தான் லாயக்கு என்கிற மாதிரி 1940-ல் ஹார்டி எழுதிவிட்டார். ஆட்சேபத்தில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. சட்டையை மாற்றினால் போய்விடுகிற அழகு என்ன அழகு?

ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருகிப் பாருங்கள். எந்தச் சட்டை போட்டாலும் ஹர்ஷத்தாகவே இருக்கிற எண் உண்டா? உண்டு. 1, 2, 4, 6. நாலே பேர்! இது எழுத்தின் குணமில்லை, எண்ணின் குணம். பாவம், 12 மயிரிழையில் கோட்டைவிட்டது. இரண்டு அடிமானத்தில் தொடங்கி எல்லாவற்றிலும் பாஸ், எட்டில் மட்டும் ஃபெயில் (5-ஆல் 12 எங்கே வகுபடும்?). ஆக, எட்டு நிஜமாகவே ஒருத்தருக்கு ஆகவில்லை. பன்னிரண்டுக்கு.

ஹார்டி டாக்ஸியில் வந்த 1729-ஐயும் விடுவானேன்? அதை 1³+12³, 9³+10³ என்று இரண்டு விதமாக எழுதலாம் என்று ராமானுஜன் சொன்னது எந்த அடிமானத்துக்கும் அசையாது. கப்ரேகர் கணக்கில் போட்டால் இன்னும் வேடிக்கை. 1+7+2+9=19. 19×91=1729. 91 என்பது 19-ஐத் திருப்பிப்போட்டதுதான்! எட்டு அடிமானத்தில் 3301, கூட்டினால் 7. ஏழால் வகுபடும், 247 தடவை. பதினாறு அடிமானத்தில் இலக்கங்கள் 6, 12, 1. கூட்டுங்கள், மறுபடி அதே 19.

கடைசியாக இரண்டு அடிமானம், கம்ப்யூட்டரின் தாய்மொழி. 11011000001. ஐந்து ஒன்றுகள். ஐந்தால் 1729 வகுபடாது. அந்தப் பாஷையில் அதற்குச் சந்தோஷம் இல்லை.