சும்மா இருந்த பம்பு

பள்ளிக்கூட உபாத்தியாயருக்குச் சம்பளத்துக்கு மேற்பட்டுக் கிடைக்கும் படி ஒன்று உண்டு. பழைய மாணாக்கர்கள் எழுதும் கடிதங்களே அது. சென்ற மாதம் அத்தகைய கடிதம் ஒன்று நமக்கு வந்தது. எழுதியவர் நம்மிடம் பௌதிகம் படித்தவர். இப்பொழுது அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்தின் வடபாகத்தில், ஒரு நாட்டுப்புற ஆஸ்பத்திரியில் டாக்டராக இருக்கிறார். ஊருக்கு வெளியே பழைய பண்ணை வீடு ஒன்றை வாங்கிக் குடியிருக்கிறார். "ஸார், இரும்பு துருப்பிடிப்பதைப் பற்றி நீங்கள் ஒரு மணி நேரம் பாடம் சொன்னீர்கள். நான் அதைச் சரியாகக் கேட்கவில்லை என்பது சென்ற அக்டோபரில் ஒரு ராத்திரி தெரிந்தது" என்று கடிதத்தைத் தொடங்கியிருந்தார்.

அந்த ராத்திரியில் நடந்தது என்ன என்பதை அறியுமுன், அவ்வீட்டில் இருக்கும் ஒரு யந்திரத்தைப் பற்றி நேயர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பிரதேசத்தில் ஜனவரி மாதத்தில் வெளியே வைத்த ஜலம் கல்லாகிவிடும். வீட்டுக்குள் உஷ்ணம் இல்லாமல் ஒரு நாள் கூட வாழ முடியாது. காடுகள் நிறைந்த ஊராகையால் விறகுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வீட்டுக்குள் அடுப்பு மூட்டினால் புகையும் சாம்பலும் நெருப்புப் பயமும் கூடவே வரும். ஆகவே பலர் கொல்லைப்புறத்தில், வீட்டைவிட்டுத் தள்ளி, சிறு கொட்டகை போன்ற விறகு பாய்லர் ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். அதன் நடுவே விறகு எரியும் அறை. அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான காலன் கொள்ளும் நீர்த்தொட்டி. அந்த ஜலம் சுமார் 160 முதல் 185 டிகிரி பாரன்ஹீட் வரை சூடேறி, பூமிக்கடியில் உஷ்ணம் போகாதபடி உறையிட்ட குழாய் வழியாக வீட்டுக்குள் சென்று, தன் சூட்டைக் கொடுத்துவிட்டு, மற்றொரு குழாய் வழியாகத் திரும்பி வருகிறது.

இப்படி ஜலத்தைப் போகவும் வரவும் செய்வது ஒரு சிறு பம்பு. கையில் தூக்கிவிடலாம், பழைய நாளில் நாம் ஏற்றிய பெரிய மின்விளக்கு ஒன்றுக்கு வேண்டிய மின்சாரமே போதும். இருந்தாலும் உடம்புக்கு இருதயம் எப்படியோ, அந்த வீட்டுக்கு அது அப்படி. அக்டோபர் முதல் ஏப்ரல் வரையில் இரவு பகலாக ஓடினால், சுமார் 5,000 மணி நேரம் அது ஓய்வின்றி உழைக்கிறது.

நம் டாக்டர் வசந்தம் பிறந்ததும் நெருப்பை அவித்தார். பம்பின் மின்சாரத்தை நிறுத்தினார். ஏழு மாதம் உழைத்த யந்திரம் ஓய்வு எடுத்துக்கொள்ளட்டும் என்று எண்ணி வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அக்டோபரில் முதல் உறைபனி விழுந்த அன்று மாலை விறகு அடுக்கி நெருப்பு மூட்டினார். சுவிட்சைப் போட்டார். பம்பு வண்டுபோல ரீங்காரம் செய்தது, ஆனால் சுழலவில்லை. கொல்லையில் பாய்லர் கொதித்து ஆவி விட்டுக்கொண்டிருக்க, வீட்டுக்குள் சுவர்கள் குளிர்ந்துகொண்டே போயின. வீட்டிலோ பிறந்து இருபது நாளான குழந்தை. பிரசவத்துக்கென்று கும்பகோணத்திலிருந்து வந்திருந்த தாயார். மின்சாரக் கணப்பு ஒன்றை வைத்து ஒரே அறையில் எல்லோரும் அன்றிரவைக் கழித்தார்களாம். டாக்டர் மட்டும் தூங்கவில்லை. மணிக்கொருதரம் எழுந்து குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் பிற்பகலில் புதுப் பம்பு வந்த பிறகே வீட்டில் சூடு பரவியது. தெய்வாதீனமாக ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை.

"ஏழு மாதம் ஓடியபோது கெடாத பம்பு ஐந்து மாதம் சும்மா இருந்தபோது கெட்டது ஏன்?" என்பது அவருடைய கேள்வி. இது நல்ல கேள்வி.

இந்த வகைப் பம்பில் மோட்டாரின் சுழலும் பாகமே ஜலத்துக்குள் மூழ்கியிருக்கிறது. அச்சையும் அதைத் தாங்கும் இடங்களையும் வழவழப்பாக வைத்திருப்பது எண்ணெய் அல்ல, அந்த ஜலம்தான். சுழலும் பாகத்துக்கும் அதைச் சூழ்ந்த மெல்லிய உறைக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பாய்லரின் ஜலத்தில் துருவின் நுண்ணிய கருந்துகள்களும், கடின நீரின் உப்புக்களும் கலந்திருக்கின்றன. ஜலம் ஓடிக்கொண்டிருக்கும் வரையில் அவை ஓரிடத்திலும் தங்குவதில்லை. ஓட்டம் நின்றதும் மெல்ல மெல்லப் படிகின்றன. அந்தச் சந்தில் சுண்ணாம்புபோல் இறுகி அச்சைப் பிடித்துக்கொள்கின்றன. சிறு மோட்டாருக்கு ஓடும்போது இருக்கும் பலம் புறப்படும்போது இருப்பதில்லை. ஆகவே அது முனகுகிறதே தவிர, அசைவதில்லை. தவிரவும், இந்தப் பாய்லர்களில் பெரும்பாலானவை வெளிக்காற்றுக்குத் திறந்தவை. காற்றிலுள்ள பிராணவாயு ஜலத்தில் சிறிது சிறிதாகக் கரைந்து, துருவுக்கு ஓயாமல் தீனி போடுகிறது.

கடிதத்தில் டாக்டர் மற்றொன்றும் எழுதியிருந்தார். மறுநாள் காலை அவருடைய தாயார், "இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் என்று உன் பாட்டி சொல்வாளே, மறந்துபோச்சா?" என்றாராம். நாம் கரும்பலகையில் ஒரு மணி நேரம் எழுதியதை அந்த அம்மாள் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

இனி, கோடையில் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, நெருப்பை அவித்ததும் ஜலத்தை வடித்துவிடலாகாது. வடித்தால் ஈரமான இரும்பு காற்றைச் சந்திக்கும். நிறைந்த தொட்டியைவிட அது வேகமாகத் துருப்பிடிக்கும். தொட்டியை நிரப்பி, நைட்ரைட் அல்லது மாலிப்டேட் சேர்ந்த துருத்தடுப்பு மருந்து போதுமான அளவில் இருக்கிறதா என்று சோதித்து, குறைந்திருந்தால் சேர்க்க வேண்டும். மருந்து சேர்த்த பிறகு அது எங்கும் கலக்கும்படி பம்பைச் சற்று நேரம் ஓட்டுவது அவசியம்.

இரண்டாவது, வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிஷம் பம்பை ஓட்ட வேண்டும். மே முதல் செப்டம்பர் வரையில் இதைக் கூட்டினால் நாலு மணி நேரம் கூட ஆகாது. வாரந்தோறும் முடியாதவர்கள் மாதம் ஒருமுறையாவது ஓட்டட்டும். ஓட்டுமுன் இரு பக்கத்து வால்வுகளும் திறந்திருக்கின்றனவா, தொட்டியில் ஜலம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது முக்கியம். ஜலமின்றி ஓடும் பம்பு சில நிமிஷங்களிலேயே தன் தாங்கிகளைத் தேய்த்துக்கொள்ளும். ஓட்டாத நேரங்களில் மின்சாரச் செருகியைப் பிடுங்கி வைத்தால், கோடை இடிமின்னலிலிருந்து மோட்டார் தப்பும்.

மூன்றாவது, அடுப்பறையைச் சுத்தம் செய்வது. இது பம்பைச் சேர்ந்ததல்ல என்று தோன்றலாம். ஆயினும் பாய்லர் ஓட்டையாகிவிட்டால் பம்பு எதைச் சுற்றும்? சாம்பல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சுவரில் ஒட்டிய கரிப்பிசினில் அமிலம் உண்டு. இரண்டும் சேர்ந்து கோடை முழுதும் எஃகை அரிக்கும். சுரண்டி அள்ளி, உலர்ந்த பின் மெல்லியதாக எண்ணெய் பூசி, மழை இறங்காதபடி புகைபோக்கியை மூடிவைப்பது நலம். நெருப்பு மூட்டுமுன் மூடியை எடுக்க மறக்கக் கூடாது!

நாலாவது, பரீட்சையைக் குளிர் வரும் நாளுக்கு ஒத்திவைக்கலாகாது. செப்டம்பரிலேயே ஒரு நாள் முழுவதும் பம்பை ஓட்டி, குழாயில் அடைபட்ட காற்றை வெளியேற்றிப் பார்த்துவிட வேண்டும். அப்பொழுது பம்பு முனகினால் உடனே மின்சாரத்தைத் துண்டித்து, ஜலம் ஆறியிருப்பதை உறுதி செய்துகொண்டு, இருபுறத்து வால்வுகளையும் மூட வேண்டும். சில பம்புகளின் முகப்பில் நடுவே ஒரு திருகு மூடி இருக்கும். அதைக் கழற்றினால் அச்சின் நுனி தெரியும். தட்டைத் திருப்புளியால் மெதுவாக அசைத்துக் கொடுத்தாலே பலமுறை பிடி விட்டுவிடும். அத்தகைய மூடி இல்லாதவற்றில் மோட்டாரைக் கழற்றிச் சுழலும் பாகத்தைத் துடைத்து, புது காஸ்கெட் வைத்துப் பூட்ட வேண்டும். அதிலும் பயனில்லையென்றால் புதுப் பம்பு வாங்க இன்னும் அவகாசம் இருக்கிறது. உதிரியாக ஒன்றை வாங்கி அலமாரியில் வைப்பவர்களை லோபிகள் யாரும் மெச்சமாட்டார்கள். குழந்தை உள்ள வீட்டார் மெச்சுவார்கள்.

இத்தனையும் எழுதி டாக்டருக்கு அனுப்பினோம். பத்து நாளில் பதில் வந்தது. மே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்ப் பம்பை ஓட்டப்போவதாக எழுதியிருந்தார். கூடவே ஒரு வேண்டுகோளும் இருந்தது: "இனிமேல் துருப்பிடிக்கும் பாடம் நடத்தும்போது என் கதையையும் பையன்களுக்குச் சொல்லுங்கள்."

சொல்லத்தான் போகிறோம். அதற்கு முன் நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. நம் வீட்டுக் கிணற்று மோட்டார், குழாய்த் தண்ணீர் தாராளமாக வருகிறது என்ற தைரியத்தில், நாலு மாதமாகச் சும்மா கிடக்கிறது. இந்தப் பகுதியை எழுதி முடித்ததும் முதல் காரியமாக அதைப் போய்ப் பார்க்க வேண்டும்.