பெருகும் மருத்துவ ஆய்வகங்கள்: நடத்துவோருக்குப் பயிற்சி எங்கே?

புதுதில்லி: நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் ஒருங்கிணைந்த பொது சுகாதார ஆய்வகம் அமைப்பது மத்திய அரசின் இலக்கு. 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட பிரதமரின் ஆயுஷ்மான் பாரத் சுகாதார உள்கட்டமைப்பு இயக்கத்தின் கீழ் இத்தகைய 730 ஆய்வகங்கள் திட்டமிடப்பட்டுள்ளன. கட்டடத்துக்கும் கருவிக்கும் நிதி ஒதுக்கப்படுகிறது. ஆனால், அந்த ஆய்வகங்களுக்குத் தலைமையேற்கும் மருத்துவர்களும் மூத்த நுட்பநர்களும் நிர்வாகத்தை எங்கே கற்றுக்கொள்வார்கள் என்ற கேள்விக்கு இன்னும் தெளிவான விடை இல்லை.

இலவசப் பரிசோதனைத் திட்டத்தின் விரிவாக்கத்தால் பணிச்சுமையும் கூடியுள்ளது. துணை சுகாதார நிலையங்களில் 14 பரிசோதனைகளும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் 63 பரிசோதனைகளும், மாவட்ட மருத்துவமனைகளில் 134 பரிசோதனைகளும் கிடைக்க வேண்டும் என வகுக்கப்பட்டுள்ளது. இதற்குத் தேவையான ஆள், மாதிரி, கிட், நேரம் ஆகியவற்றை ஒருங்கிணைப்பது மருத்துவ அறிவால் மட்டும் முடிகிற காரியம் அல்ல.

கருவி சரி, முறை தவறு

நள்ளிரவில் வரும் ஓர் இரத்த மாதிரியில் பொட்டாசியம் அளவு லிட்டருக்கு 6.8 மில்லிமோல் எனக் கருவி காட்டுவதாகக் கொள்வோம். இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடிய அளவு அது. முடிவைச் சில நிமிடங்களில் கருவி தந்துவிடும். ஆனால் பணியில் இருக்கும் நுட்பநர் எந்த மருத்துவரை அழைப்பது, அவர் எடுக்காவிட்டால் அடுத்து யாரை அழைப்பது, அழைத்ததை எங்கே பதிவு செய்வது என்பது முன்கூட்டியே வகுக்கப்படாவிட்டால், அந்த எண் காலை வரை கணினித் திரையிலேயே கிடக்கும்.

அதே எண் பொய்யாகவும் இருக்கலாம். இரத்தம் எடுக்கும்போதோ கொண்டுவரும்போதோ சிவப்பணுக்கள் சிதைந்திருந்தால் பொட்டாசியம் அளவு செயற்கையாக உயர்ந்து காட்டும். அத்தகைய மாதிரியை நிராகரித்து மறுமாதிரி கேட்கும் அதிகாரம் நுட்பநருக்கு உண்டா, வார்டு செவிலியர்களுக்கு இது குறித்து யார் பயிற்சி அளிப்பது ஆகியவையும் நிர்வாக முடிவுகளே. ஆய்வகத் தவறுகளில் பெரும்பகுதி பரிசோதனைக்கு முன்பும் பின்பும்தான் நிகழ்கின்றன என்பது இத்துறையில் நெடுங்காலமாக ஏற்கப்பட்ட உண்மை.

கணக்கு தெரியாவிட்டால் தரமும் தவறும்

நிதி நிர்வாகமும் நோயாளியின் பாதுகாப்பிலிருந்து பிரிந்தது அல்ல. 100 பரிசோதனைகளுக்கான ஒரு கிட்டை வாங்கும் சிறிய ஆய்வகத்துக்கு நாளொன்றுக்கு 5 நோயாளிகள் வருவதாக வைத்துக்கொள்ளலாம். கருவி சரியாக இயங்குகிறதா என்று பார்க்கத் தினமும் இரண்டு கட்டுப்பாட்டு மாதிரிகளை ஓட்ட வேண்டும். அப்படியானால் நாளுக்கு 7 பரிசோதனைகள் செலவாகும். அந்தக் கிட் சுமார் 14 நாள்கள், அதாவது 70 நோயாளிகள் அளவுக்கே வரும். அளவுத்திருத்தமும் மறுபரிசோதனையும் சேர்ந்தால் எண்ணிக்கை மேலும் குறையும்.

இந்தக் கணக்கைப் போடாமல் 100 நோயாளிகளுக்கு எனக் கட்டணமோ கொள்முதலோ நிர்ணயிக்கப்பட்டால், மாத இறுதியில் கிட் தீரும். அப்போது முதலில் கைவிடப்படுவது கட்டுப்பாட்டு மாதிரிதான். அறிக்கை வழக்கம்போல் வெளியாகும். அது சரியா என்று சொல்ல எவராலும் இயலாது.

சட்டம் சொல்வது என்ன?

மருத்துவ நிறுவனங்கள் (பதிவு மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் 2010-இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் ஆய்வகங்களுக்கான குறைந்தபட்சத் தரநிலைகள் 2018-இல் அறிவிக்கப்பட்டன. எனினும், எல்லா மாநிலங்களும் இச்சட்டத்தை ஏற்கவில்லை. தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்கள் தமக்கெனத் தனிச்சட்டம் வைத்துள்ளன. ஆய்வக அறிக்கைகளில் நோயியலில் முதுநிலைத் தகுதி பெற்ற, பதிவு செய்த மருத்துவரே மேலொப்பமிட வேண்டும் என்ற நிலைப்பாட்டை 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2021-இல் நிறைவேறிய துணைநிலை சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம், ஆய்வகப் பணியாளர்களைத் தனி வகையாக அங்கீகரித்தது.

இவை பெரும்பாலும் இடம், கருவி, கல்வித் தகுதி, கையெழுத்து உரிமை ஆகியவற்றையே பேசுகின்றன. ஆய்வகத்தை நடத்தும் திறனுக்கு அவற்றில் அதே அழுத்தம் இல்லை.

அந்தத் திறனைக் கோருவது பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 15189. இதன் அடிப்படையில்தான் இந்தியத் தர கவுன்சிலின் அங்கமான என்ஏபிஎல் வாரியம் மருத்துவ ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் வழங்குகிறது. 2022 டிசம்பரில் வெளியான புதிய பதிப்பு, நோயாளிக்கு நேரக்கூடிய இடர்களை முன்கூட்டியே கண்டறிந்து தடுக்கும் பொறுப்பை ஆய்வக இயக்குநரிடம் அழுத்தமாக ஒப்படைக்கிறது. ஆனால் இந்த அங்கீகாரம் பொதுவாகக் கட்டாயமன்று. விரும்பும் ஆய்வகங்களே விண்ணப்பிக்கின்றன.

அங்கீகாரத்துக்கு முயலும் ஆய்வகங்கள் தங்கள் பணியாளர்களைச் சில நாள் வகுப்புகளுக்கு அனுப்புவது வழக்கம். அங்கே தரநிலையின் பிரிவுகளும் உள்தணிக்கை முறையும் கற்றுத்தரப்படுகின்றன. அது அவசியமானதே. ஆனால் சோர்ந்துபோன இரவுப் பணிக்குழுவை எப்படி வழிநடத்துவது, தவறை மறைக்காமல் சொல்லும் ஊழியரை எப்படிக் காப்பது, கூடுதல் பணியிடம் கேட்டு நிர்வாகத்திடம் எப்படி வாதிடுவது ஆகியவை தரநிலையின் பிரிவுகளைப் படிப்பதால் மட்டும் வந்துவிடாது.

உலக அளவில் ஒரு மாதிரி

உலக சுகாதார அமைப்பு, உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு உள்ளிட்ட ஆறு அமைப்புகள் இணைந்து உருவாக்கிய ஆய்வகத் தலைமைத்துவத் திறன் வரையறை 2019-இல் வெளியானது. தலைமைத்துவம், மேலாண்மை, தகவல் தொடர்பு, தர மேலாண்மை, உயிரிப் பாதுகாப்பு, அவசரகால ஆயத்தம் உள்பட ஒன்பது திறன்களை அது பட்டியலிடுகிறது. வகுப்போடு நில்லாமல், மூத்தவர் ஒருவரின் வழிகாட்டுதலில் தம் சொந்த ஆய்வகத்தின் குறையொன்றைத் தீர்க்கும் செயல்திட்டமும் அதையொட்டிய பயிற்சியில் இடம்பெறுகிறது.

அதன் தேவையை இந்தியா கரோனா காலத்தில் நேரில் கண்டது. 2020 தொடக்கத்தில் புணேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனத்தை மட்டுமே நம்பியிருந்த கரோனா பரிசோதனை, பின்னர் 2,500-க்கும் மேற்பட்ட ஆய்வகங்களுக்கு விரிந்தது. அப்போது பொறுப்பேற்றவர்கள் ஆள் சேர்ப்பு, சுழற்சிப் பணி, கிட் கையிருப்பு, தகவல் பதிவு அனைத்தையும் பணியிலேயே கற்க நேர்ந்தது.

பயிற்சி மட்டும் போதுமா?

போதாது. அரசு ஆய்வகத் தலைவர்களுக்குப் பெரும்பாலும் ஆள் நியமிக்கும் அதிகாரம் இல்லை. பல மாநிலங்களில் கொள்முதல் மாநில மருத்துவப் பணிகள் கழகங்கள் வழியே நடைபெறுகிறது. நுட்பநர்களில் பலர் தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் ஒப்பந்தத்தில் பணியாற்றுவோர். இச்சூழலில் அதிகாரம் தராமல் பயிற்சி மட்டும் அளிப்பது, குறையை அடையாளம் காணவும் அதைச் சரிசெய்ய இயலாமல் நிற்கவுமே உதவும். தனியார் துறையில் சிக்கல் வேறு வகையானது. அங்கு வணிக மேலாளரின் இலக்கும் நோயியல் மருத்துவரின் எச்சரிக்கையும் மோதும்போது, எது வெல்லும் என்பது எழுத்தில் இருப்பதில்லை.

எனவே இங்கு மூன்று மாற்றங்கள் சேர்ந்து நிகழ வேண்டியுள்ளது. ஆய்வகப் பொறுப்பேற்கும் முன் நிர்வாகப் பயிற்சி நிபந்தனையாக்கப்பட வேண்டும். அவசரக் கொள்முதலுக்கும் மாதிரி நிராகரிப்புக்கும் ஆய்வகத் தலைவருக்கு எழுத்துப்பூர்வ அதிகாரம் தரப்பட வேண்டும். அன்றாடம் ஆய்வகத்தை உண்மையில் நடத்துகிற மூத்த நுட்பநர்களும் அப்பயிற்சியில் சேர்க்கப்பட வேண்டும்.

இவற்றுக்கு ஆகும் செலவு, புதிய கட்டடங்களுக்கும் கருவிகளுக்கும் ஆகும் செலவோடு ஒப்பிடத்தக்கதன்று. 730 ஆய்வகங்களின் வெற்றியை அளக்கும்போது, எத்தனை திறக்கப்பட்டன என்பதோடு, நள்ளிரவில் வந்த அபாயகரமான முடிவு எத்தனை நிமிடத்தில் சிகிச்சை அளிக்கும் மருத்துவரைச் சென்றடைந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.